விறகா, ஸ்டவ்வா? முகாம் சமையலுக்கு எதை நம்பிப் போவது

மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஐந்து பேர் பசியோடு உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் விறகு நிறையவே கிடந்தது, அத்தனையும் ஈரம். ஒருவர் ஊத, ஒருவர் விசிற, இன்னொருவர் பையைக் குடைந்து காகிதம் தேட, ஒன்றரை மணி நேரம் போராடி நாங்கள் கண்டது கண்ணெரிச்சலும் பாதி வெந்த சோறும்தான். "அங்கே போய் நெருப்பு மூட்டிக்கலாம், ஸ்டவ் எதுக்கு வீண் சுமை" என்று கிளம்பும்போது சொன்ன புண்ணியவான் நான்தான்.

அடுத்த முறை, கையடக்கச் சிலிண்டரில் எரியும் கேஸ் ஸ்டவ்வை மட்டும் நம்பிப் போனேன். உறைபனி விழுந்த ஒரு காலையில், சிலிண்டரில் பாதி கேஸ் மிச்சமிருந்தும், பர்னரில் மெழுகுவத்தி அளவுக்குத்தான் சுடர் வந்தது. ஆக, இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறேன்.

முகாமில் எதில் சமைப்பது என்று பேச்சு வந்தால், ஆளுக்கொரு கட்சி எடுத்துவிடுவார்கள். விறகு நெருப்பின் வாசனைக்கு ஈடு உண்டா என்பார் ஒருவர். ரெண்டு நிமிஷத்தில் தண்ணீர் கொதிக்கும்போது யார் விறகு பொறுக்குவது என்பார் இன்னொருவர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: வேலை எந்த நேரத்தில் நம் தலையில் விழுகிறது என்பது. ஸ்டவ்வுக்கான பாடு பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடும். எரிபொருளைக் கணக்குப் போட வேண்டும், ஒருமுறை பற்றவைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நெருப்புக்கான பாடு மொத்தமும் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தொடங்கும். அதுவும் கால் வலித்து, பசித்து, இருட்டத் தொடங்கும் வேளையில். அதை அணைக்கும் வேலை தூக்கம் வரும் வேளையில்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே நெருப்பு மூட்ட அனுமதி உண்டா? வறண்ட மாதங்களில் பல காடுகளிலும் பூங்காக்களிலும் திறந்த நெருப்புக்குத் தடை இருக்கும். அப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில், வால்வைத் திருகினால் உடனே அணையும் கேஸ் ஸ்டவ்வை மட்டும் அனுமதிப்பார்கள். வறட்சி முற்றிய நாட்களில் அதற்கும் தடை வரலாம். சுள்ளி போட்டு எரிக்கும் குட்டித் தகர அடுப்பும், வால்வு இல்லாத ஸ்பிரிட் அடுப்பும் பெயரளவில் அடுப்புதானே என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பல இடங்களில் அவற்றைத் திறந்த நெருப்போடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். போகும் இடத்தின் அன்றைய நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், பாதிப் பேருக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது.

சரி, அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நெருப்பு மூட்டுவதில் தோற்பவர்கள் பெரும்பாலும் தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன்பே தோற்றுவிடுகிறார்கள். பெரிய கட்டைகளை அடுக்கி, அடியில் கொஞ்சம் காகிதம் செருகி, பற்றிக்கொள்ளும் என்று காத்திருப்பார்கள். பற்றாது. முதலில் தீக்குச்சி கனத்துக்குச் சுள்ளிகள் இரண்டு கை நிறைய வேண்டும். பிறகு பென்சில் கனம், பிறகு கட்டைவிரல் கனம், கடைசியாக மணிக்கட்டு கனம். இதற்கு மேல் தடித்த கட்டை சமையலுக்கு வேண்டியதே இல்லை. எரிந்து முடியாமல் கரிக்கட்டையாகக் கிடந்து இடத்தைக் கெடுக்கும். காய்ந்த சுள்ளி ஒடித்தால் 'சடக்' என்று சத்தம் கேட்கும். வளைந்து கொடுத்தால் அது இன்னும் ஈரம். மழையில் நனைந்த கட்டையைக்கூட நெடுவாக்கில் பிளந்தால் உள்ளே காய்ந்த பகுதி இருக்கும். அந்த மழை நாளில் எங்களிடம் பிளப்பதற்குக் கத்தி இருந்தது, பிளக்கலாம் என்ற யோசனைதான் இல்லை.

பற்றிய உடனே பாத்திரத்தை ஏற்றுவது அடுத்த தவறு. கொழுந்து விட்டு எரியும்போது பாத்திரத்தின் ஒரு பக்கம் கரியாகும், மறுபக்கம் சூடே ஏறாது. தணலில்தான் சமையல். நல்ல தணல் கூடிவர முக்கால் மணி நேரம் ஆகலாம். உள்ளங்கையைத் தணலுக்கு மேலே அரைச்சாண் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் அது வாட்டுவதற்கான சூடு. ஆறேழு விநாடி தாங்கினால், மெதுவாக வேக வேண்டியதை ஏற்றலாம். நீளவாக்கில் ஒரு தணல் படுகை அமைத்து, ஒரு முனையில் விறகு எரிந்துகொண்டே இருக்க, அங்கிருந்து கங்குகளைக் கிளறி இந்த முனைக்கு இழுத்துச் சமைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழிகளில் நிம்மதியானது. சூடு குறைந்தால் நாலு கங்கை இழுத்துக்கொள்ளலாம், கூடினால் தள்ளிவிடலாம்.

இப்படி அமைந்துவிட்டால் ஸ்டவ் கிட்டே வர முடியாது. தோலோடு புதைத்த உருளைக்கிழங்கு, தணலில் வாட்டிய சோளம், கம்பியில் கோத்த மீன் எல்லாம் சுற்றிலும் சூடு சூழ்ந்திருந்தால்தான் சரியாக வரும். கனத்த வார்ப்பிரும்புச் சட்டியை மூடி, மூடியின் மேலும் கங்கு அள்ளிப் போட்டால் ரொட்டிகூடச் சுடலாம். பத்துப் பேருக்குப் பெரிய பாத்திரம் வைக்க வேண்டுமானாலும் நெருப்புதான். குட்டி பர்னரில் எட்டு லிட்டர் பாத்திரத்தை ஏற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் சாயுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பது ஒரு தண்டனை.

ஸ்டவ்வின் பலம் கொதிக்கவைப்பதில். உலர் உணவில் வெந்நீர் ஊற்றுவது, காபி, சூப், நூடுல்ஸ், கஞ்சி எல்லாம் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சோறு வடிப்பதுதான் கொஞ்சம் சிக்கல். சிலிண்டரின் தலையில் திருகும் சின்ன பர்னர்களில் சுடர் நடுவில் குவிந்து எரியும். மெல்லிய டைட்டானியம் பாத்திரமாக இருந்தால் நடுவில் அடிப்பிடித்து, ஓரத்தில் அரிசி அரிசியாகவே இருக்கும். கொதி வந்து ஐந்தாறு நிமிடத்தில் இறக்கி, மூடியைத் திறக்காமல் துண்டிலோ ஸ்வெட்டரிலோ சுற்றிக் கால் மணி நேரம் வைத்துவிடுவேன். மிச்சம் தன் சூட்டிலேயே வெந்துவிடும். கேஸும் மிச்சம்.

எரிபொருள் கணக்கு பலரை மிரட்டுகிறது. மிரள ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் கேஸ் ஏறக்குறைய 46 கிலோஜூல் தரும். துளியும் வீணாகாவிட்டால் 7 கிராமுக்குச் சற்று மேல் போதும். ஆனால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் போகும் சூடு, காற்று அடித்துக்கொண்டு போகும் சூடு எல்லாவற்றையும் சேர்த்து, லிட்டருக்கு 15 கிராம் என்று வைத்துக்கொள்வது நிதானம். 230 கிராம் கேஸ் உள்ள சிலிண்டர் ஒன்று 15 லிட்டருக்கு வரும். இரண்டு பேர் நாளுக்கு 3 லிட்டர் கொதிக்கவைத்தால் ஐந்து நாள்.

உயரம் ஏற ஏற இந்தக் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காணும். 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். 3000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும், பருப்போ லேசில் வேகாது. பனிக்கட்டியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே தண்ணீராக்கவே 334 கிலோஜூல் போய்விடும். கொதிக்கவைக்கும் கணக்கு அதற்கு மேல்தான். எரிபொருளை இரண்டு மடங்காக எடுத்துப் போனாலும் பற்றாது.

விறகின் கணக்கு வேறு மாதிரி. காய்ந்த விறகு கிராமுக்கு 15 கிலோஜூல் அளவுக்குத் தரும். ஆனால் மூன்று கல் வைத்த திறந்த நெருப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் போகும். மிச்சம் வானத்துக்கும் நம் முழங்காலுக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ விறகு, அதுவும் தணல் கூடிய பிறகு. ஒரு வேளைச் சமையலுக்குக் கை நிறைய இரண்டு மூன்று நடை பொறுக்க வேண்டும். விறகுக்குச் சுமை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் வருகிற ஒவ்வொரு குழுவும் இரண்டு மூன்று நடை பொறுக்கினால் பிரபலமான இடங்களில் ஒரு பருவத்துக்குள் தரை துடைத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் நிற்கும் மரத்தில் கை வைப்பார்கள்.

வீட்டிலிருந்தே விறகு கொண்டுபோகலாமே என்று தோன்றும். பக்கத்தில் வாங்கினால் சரி, தூரத்திலிருந்து தூக்கிப் போகாதீர்கள். மரத்துக்குள் பூச்சி ஒளிந்திருக்கும். அமெரிக்காவின் மிச்சிகனில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்தது. அது தானாகப் பறந்து போயிருக்கக்கூடிய தூரம் கொஞ்சம்தான். மிச்சத் தூரத்துக்கு அதைச் சுமந்து போனதில் முகாமுக்குப் போனவர்களின் வண்டியில் இருந்த விறகுக்கும் பங்குண்டு.

இனி குளிர். கேஸ் ஸ்டவ்வை நம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் பர்னருக்கு வரும். சாதாரண பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரைக்கும் ஓரளவு தாங்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை. அதனால்தான் கலவையாக அடைத்து விற்கிறார்கள். ஆனால் கலவையிலும் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது: சுலபமாக ஆவியாகும் புரொப்பேன் வேகமாகக் கரைந்துவிட, கடைசிப் பாதியில் சோம்பேறிகள்தான் அதிகம் மிச்சமிருக்கும். போதாக்குறைக்கு, ஆவியாகும்போது சிலிண்டர் தன்னையே குளிரவைத்துக்கொள்ளும். என் உறைபனிக் காலையில் நடந்தது இதுதான். கேஸ் இருந்தது, வெளியே வரத்தான் மனமில்லை.

இதற்கு வைத்தியம் எளிது. இரவில் சிலிண்டரை ஸ்டவ்விலிருந்து கழற்றித் தூங்கும் பைக்குள் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். சமைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். கை பொறுக்காத வெந்நீர் கூடாது. நெருப்பருகே வைத்துச் சூடாக்குவது பற்றி யோசிக்கவே கூடாது. கடுங்குளிர் பயணம் என்றால் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றும் திரவ எரிபொருள் ஸ்டவ்தான் சரி. கனம் அதிகம், பற்றவைக்கும்போது ஒருமுறை குப்பென்று எழும், கை பழக வேண்டும். ஆனால் குளிரைப் பற்றிக் கவலைப்படாது.

அந்த ஸ்டவ்வுக்கு ஒரு பரம்பரை உண்டு. சுவீடனில் 1892-இல் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ், திரி இல்லாமல் மண்ணெண்ணெயை ஆவியாக்கி, கரி இல்லாமல் எரிந்தது. 1911 டிசம்பரில் தென் துருவத்தை முதலில் அடைந்த நார்வேக்காரர் அமுண்ட்சென் குழு பிரைமஸில்தான் பனியை உருக்கியது. அவர்களோடு போட்டியிட்டுத் துருவத்துக்குப் போன பிரிட்டிஷ்காரர் ஸ்காட் குழுவிடமும் ஸ்டவ் இருந்தது. 1912-இல் திரும்பும் வழியில் அவர்கள் கிடங்குகளில் விட்டுப் போயிருந்த மண்ணெண்ணெய் டின்களைத் திறந்தபோது அளவு குறைந்திருந்தது. தோல் வாஷர் வழியாக எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போயிருந்தது. அமுண்ட்சென் தன் டின்களை ஈயப் பற்று வைத்து மூடியிருந்தார். ஸ்டவ்வின் பாடு கிளம்புவதற்கு முன்பே என்று மேலே சொன்னது இதைத்தான். வாஷர் அளவுச் சமாச்சாரத்தை அங்கே போய்ச் சரிசெய்ய முடியாது.

ஸ்பிரிட் அடுப்பையும், திட எரிபொருளான எரிவில்லைகளையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். கனமில்லை, பழுதாக எதுவுமில்லை, ஒற்றை ஆளுக்கு ஒரு குவளை தேநீருக்குப் போதும். அதற்கு மேல் பொறுமை வேண்டும். ஸ்பிரிட்டின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் பாட்டில் வரை ஏறிப் பற்றும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. கேஸ் சிலிண்டரை கைப்பையிலும் பெட்டியிலும் வைக்க முடியாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். அங்கே கிடைக்கும் சிலிண்டரின் வாய் நம் பர்னருக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே பாருங்கள். திருகு வகை, குத்தி மாட்டும் வகை என்று ஜாதிகள் பல.

ஆபத்து என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, ஆனால் குணம் வேறு. ஸ்டவ்வின் ஆபத்து சத்தமில்லாதது. மழை பெய்கிறதே என்று கூடாரத்துக்குள் வைத்துச் சமைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போனதுண்டு. காற்று அடிக்கிறது என்று, தலையில் பர்னர் மாட்டிய சிலிண்டரைச் சுற்றித் தகடு வைத்து முழுக்க மறைப்பதும் அப்படித்தான். பாத்திரம் சூடேறும், கூடவே சிலிண்டரும் சூடேறும். சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் உடனே அணையுங்கள். மறைப்பு வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும், அல்லது குழாய் வைத்துச் சிலிண்டரைத் தள்ளி நிறுத்தும் மாதிரியை வாங்குங்கள்.

நெருப்பின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், அதனால் நாம் மெத்தனமாக இருப்போம். பொறி பறந்து நைலான் கூடாரத்தில் ஓட்டை போடுவது சின்ன விஷயம். ஆற்றங்கரையில் கிடக்கும் வழவழப்பான கற்களை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல்லே வெடித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வற்றுவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தால் பாத்திரமே உருகலாம். அலுமினியத்துக்கு 660 டிகிரி போதும், நல்ல நெருப்பு அதைத் தாண்டும். கரி பிடிக்கும் தொல்லைக்கு மட்டும் சுலபமான வழி உண்டு. ஏற்றுவதற்கு முன் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சோப்பை லேசாகக் குழைத்துப் பூசினால், கழுவும்போது கரி சோப்போடு வழிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட, அணைப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்! மேலே வெள்ளைச் சாம்பல் படிந்து ஆறிப்போன மாதிரி இருக்கும், கிளறினால் உள்ளே சிவப்பு. மண்ணைப் போட்டு மூடினால் அணைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். மண் மூடிய தணல் மணிக்கணக்கில் சூடாக இருக்கும், மறுநாள் அந்த வழியாக ஓடும் குழந்தையின் பாதம் அதில் பதியும். உதிர்ந்த இலை மக்கித் தடித்த தரையாக இருந்தால் நெருப்பு கண்ணுக்குத் தெரியாமல் வேர் வழியாக நகர்ந்து, சில நாள் கழித்து வேறொரு இடத்தில் எழும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்து, கடைசியில் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால்தான் வேலை முடிந்தது. இதற்கு ஒரு வாளி தண்ணீராவது வேண்டும். குடிக்கவே அளந்து கொண்டுபோகும் இடமாக இருந்தால், அங்கே நெருப்பு என்ற பேச்சே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு என் முடிவைக் கேட்டால், ஸ்டவ் எப்போதும் பையில் இருக்கும். ஒரு நாள் பயணமானாலும் சரி. நெருப்பை எப்போதாவதுதான் மூட்டுவேன். அனுமதி இருக்க வேண்டும், ஏற்கெனவே பலர் மூட்டிய கல்வட்டம் இருக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஸ்டவ்தான். நேரம் கழித்துப் போய்ச் சேருகிற முதல் இரவில் வெந்நீர் ஊற்றினால் முடியும் சாப்பாடு. ஒரே இடத்தில் இரண்டாம் நாளும் தங்கினால் அன்று மாலை தணல், கிழங்கு, வார்ப்பிரும்புச் சட்டி. ஆட்கள் அதிகமென்றால் நெருப்பில் பெரிய பாத்திரம், ஸ்டவ்வில் காபியும் குழந்தைகளுக்கான கஞ்சியும். பசியில் இருக்கும் ஐந்து வயதுக் குழந்தையிடம் தணல் கூடட்டும் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கிளம்புவதற்கு முன் சமையலறைத் தராசில் சிலிண்டரை நிறுத்து, எடையை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவைப்பேன். திரும்பி வந்ததும் மறுபடி. குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பவர்கள் பாதி சிலிண்டரை முழுசு என்று தூக்கிக்கொண்டு போவதை நிறையப் பார்த்துவிட்டேன். பர்னரோடு வரும் பொத்தானைத் தட்டினால் பொறி வரும் என்பதை நம்பி லைட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஈரத்திலும் உயரத்திலும் அது மக்கர் செய்யும்.

கடைசி நாள் காலையில் மட்டும், எவ்வளவு விறகு மிச்சமிருந்தாலும் நெருப்பு மூட்டுவதில்லை. முந்தைய இரவுச் சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிச்ச விறகை அடுத்து வருகிறவர்களுக்காக மழை படாத இடமாகப் பார்த்து அடுக்கிவைத்துவிட்டு, ஸ்டவ்வில் ஒரு காபி. பாத்திரம் ஆறுவதற்குள் கூடாரத்தை மடித்துவிடலாம்.